பதினோரு கல் கதவு

வாசல் தாழ்ப்பாளை மூன்று முறை இழுத்துப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் பிடிக்கும். முதல் முறை தாழ்ப்பாளுக்காக. இரண்டாம் முறை, முதல் முறை ஒழுங்காகப் பார்த்தேனா என்பதற்காக. மூன்றாம் முறை எதற்கென்று எனக்கே தெரியாது. இரண்டோடு விட்டால் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும். அதற்கப்புறம் கேஸ் சிலிண்டர், அதற்கப்புறம் மோட்டார் சுவிட்ச். என் வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுப்பார்.

"இன்னாடி, ரவுண்ட்ஸ் முடிஞ்சுதா? வார்டுல எல்லாரும் சௌக்கியமா?"

அவர் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர். கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பும்போதே கொட்டாவி விடுகிற மனுஷன். எதைச் சொன்னாலும் "ஒண்ணும் ஆவாது" என்பார். அதனால் எங்கள் வீட்டுக் கவலை முழுவதையும் நான் ஒருத்தியே படவேண்டியிருக்கிறது, அவர் பங்கையும் சேர்த்து.

சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான். பரீட்சை என்றால் அன்று காலையில் காய்ச்சல் வந்துவிடும். பொய்க் காய்ச்சல் இல்லை, தொட்டால் சுடும். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சையைக் கம்பளிக்குள்ளேயே கழித்தேன். "இவளுக்குப் படிப்பு ஒத்துக்கல" என்று, ஏதோ கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாத மாதிரி சொல்லிவிட்டு, அப்பா என்னைத் தெரிந்தவர் ஒருவரின் போட்டோ ஸ்டூடியோவில் கொண்டுபோய் விட்டார். அங்கே போட்டோ கழுவக் கற்றுக்கொண்டேன். கழுவுகிற காலம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, அதையும் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் அதே ஸ்டூடியோதான். பாஸ்போர்ட் போட்டோ எடுப்பேன், முகத்தில் பரு இருந்தால் அழிப்பேன், கல்யாண ஆல்பம் கோப்பேன். கல்யாணங்களுக்கு முதலாளிதான் போவார். மோதிரம், மருதாணி, மெட்டி இவற்றைக் கிட்டத்தில் எடுக்க மட்டும் என்னையும் கூட்டிப்போவார். என் கை நடுங்காது என்பார். மனசு நடுங்குவது அவருக்குத் தெரியாது. அந்த வேலைக்கென்று தனியாக ஒரு லென்ஸ் இருக்கிறது. நாங்கள் அதை மோதிர லென்ஸ் என்போம்.

அந்த மோதிர லென்ஸால் நான் எலிகளை எடுக்க ஆரம்பித்தது, ஸ்டூடியோவில் நீலத் துணியை ஒரு சுண்டெலி கடித்த பிறகு. பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பின்னால் தொங்குமே, அந்தத் துணி. முதலாளி எலி ஒட்டிக்கொள்ளும் பசை அட்டை வாங்கி வைக்கச் சொன்னார். வாங்கினேன், வைக்க மனசு வரவில்லை. மறுநாள் மதியம் ஆளில்லாத நேரத்தில் அது ஸ்டூலுக்கு அடியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகம் கழுவிக்கொண்டிருந்தது. கேமரா கையில் இருந்தது. எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது அதன் கண்ணுக்குள் எங்கள் ட்யூப்லைட் தெரிந்தது. மீசை ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. வழக்கம்போல அழிப்பதற்கு எதையாவது தேடினேன். ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷத்தில் டச்சப் தேவைப்படாத முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

பசை அட்டையை முதலாளிக்குத் தெரியாமல் குப்பையில் போட்டேன். சுண்டெலியும் இரண்டு நாளில் தானாகவே இடம் மாறிப் போய்விட்டது.

அதற்கப்புறம் விடுமுறை நாட்களில் கச்சிராயபாளையம் பக்கம் வாய்க்கால் ஓரம், வரப்பு ஓரம் என்று போக ஆரம்பித்தேன். பழைய கேமரா ஒன்றை முதலாளி எனக்கே கொடுத்துவிட்டிருந்தார். லென்ஸை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வேன். தரையில் விரித்துப் படுக்க ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர். யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்து பேனர் அது. வெள்ளைப் பக்கம் மேலே இருந்தால் பளிச்சென்று எலியை மிரட்டும். அதனால் படம் மேலே வருகிற மாதிரிதான் விரிப்பேன். குழந்தை முகத்தின் மேல் படுக்கிறோமே, பாவமாச்சே என்று பயந்து, எப்போதும் கொஞ்சம் ஓரமாக, வாழ்த்துச் சொன்ன மாமாக்கள் மேலேதான் படுப்பேன்.

வரப்பில் படுத்திருப்பவளைப் பார்த்தால் யாரும் சும்மா போகமாட்டார்கள்.

"இன்னாம்மா, மயக்கமா?"

"இல்லீங்க. எலி போட்டோ எடுக்கிறேன்."

"எலிக்கா? பொண்ணு கிண்ணு பாத்துகினு இருக்காங்களா அதுக்கு?"

வயலெலி எடுத்தேன், வெள்ளெலி எடுத்தேன். எல்லாம் ஓடுகிற எலிகள். பாதிப் படங்களில் வால்தான் இருக்கும்.

இப்படி இருக்கும்போது போன வருஷம் கார்த்திகையில், பேங்க் பாஸ்புக்குக்குப் போட்டோ எடுக்க மலையிலிருந்து ஒரு அக்கா வந்தார். கரியாலூரைத் தாண்டி ரோட்டை ஒட்டியே அவருக்குச் சாமைக் கொல்லை இருக்கிறதாம். பிரிண்ட் வருகிற வரைக்கும் என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு வெள்ளெலி இருந்தது.

"இதென்னா எலி," என்றார். "எங்க கொல்லையில ஒண்ணு கீது. கதவு சாத்திகினு தூங்கும்."

"கதவா?"

"கல்லு கதவும்மா. இத்துனூண்டு இத்துனூண்டு கல்லா பொறுக்கியாந்து வாசல்ல அடுக்கி வெச்சிக்கும். கல்லெலின்னு சொல்லுவோம். வெளிய கெளம்பினாலும் சாத்திட்டுதான் போவும். உள்ள போனாலும் சாத்திக்கும். அவ்ளோ பயம் அதுக்கு."

எனக்குப் போட்டோ வெட்டுகிற கத்தரி கையிலேயே நின்றுவிட்டது. வெளியே போகும்போதும் சாத்துகிறது, உள்ளே வந்தாலும் சாத்துகிறது. இந்த உலகத்தில் தாழ்ப்பாளைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற ஜீவன் நான் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று சாயங்காலமே தீர்மானித்துவிட்டேன். அது ஒரு கல்லை வாயில் கவ்விக்கொண்டு போய்த் தன் வாசலில் வைக்கிற படம் எனக்கு வேண்டும். ஒரே ஒரு படம். என்னைப் பைத்தியம் என்கிற வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும்.

அதற்கு மார்கழியை விட்டால் வேறு மாசம் கிடையாது. மார்கழியில் எங்கள் ஊரில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், ஸ்டூடியோ காற்று வாங்கும். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்கு அந்த மாசத்தில் கிறிஸ்துமஸ் பலகார வேலை உண்டுதான், ஆனால் முதலாளிக்கு ஆல்பம் வேலை இல்லை. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. தை பிறந்துவிட்டால் முகூர்த்தம் மேல் முகூர்த்தம். மோதிர லென்ஸ் மோதிரத்துக்குப் போய்விடும், நானும் கூடவே போய்விடுவேன். ஆக, எனக்கு இருந்தது நாலு செவ்வாய்.

முதல் செவ்வாய் வீட்டுக்காரர் ஓட்டும் மூன்று மணி வண்டியில் ஏறினேன். அவர் வண்டியில் போனாலும் நான் டிக்கெட் வாங்கித்தான் போவேன். செக்கிங் வந்தால் என்ன ஆவது? கண்டக்டர் என்னை அண்ணி என்று கூப்பிடுவார், முப்பத்தைந்து வயசுக்குள் தலை முழுக்க வழுக்கை. "அண்ணி, டிக்கெட்டு வாங்கலன்னாகூட உங்கள எறக்கிவிட மாட்டேன், எறக்கிவிட்டா அண்ணன் எனக்கு சோறு போட மாட்டார்," என்பார். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் ஏறி ஐந்து மணிக்கு முன்னால் அக்கா கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதே வண்டி வெள்ளிமலை வரை போய்த் திரும்பி, ஆறு மணிக்கு அந்த இடத்தைத் தாண்டும். அதுதான் கீழே இறங்க அன்றைய கடைசி வண்டி. எனக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

சாமை அறுத்து முடிந்த கொல்லை. ஓரத்தில் ஒரு பாறை. பாறையின் அடியில், அக்கா விரல் நீட்டிக் காட்டிய பிறகுதான் தெரிந்தது, கதவு. கொண்டைக்கடலை அளவில் கற்கள், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு, யாரோ சலித்துப் பொறுக்கின மாதிரி. துவாரத்தின் வாயை அடைத்துச் சின்னதாக ஒரு குவியல். பக்கத்தில் ஒரு காய்ந்த இலை.

"தூங்குதா?" என்று கேட்டேன். என்னையறியாமல் குரல் தணிந்துவிட்டது.

"தூங்கும். பொழுது சாயட்டும்."

பேனரை விரித்துப் படுத்தேன். அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "யாரு கொழந்த இது, காதுகுத்தா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நல்லா கீது கொழந்த," என்று சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போனார். ஐந்தே முக்காலுக்கு ஒரு கல் உள்ளேயிருந்து அசைந்த மாதிரி இருந்தது. மூச்சை அடக்கினேன். அப்போது மேலேயிருந்து ஹாரன் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. எனக்கென்று அவர் அடிக்கிற ஹாரன் அது. பேனரைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

இரண்டாவது செவ்வாய்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஸ்டூடியோக்காரர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. யாரை உட்காரவைத்தாலும் முதலில் சரிசெய்வோம். காலரை இழுத்துவிடுவோம், நெற்றி முடியை ஒதுக்குவோம், தோளில் நூல் இருந்தால் எடுப்போம். மணமேடையில் மாப்பிள்ளை காலடியில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலை அகற்றிவிட்டுத்தான் கேமராவையே தூக்குவோம். அது யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். அன்றைக்கு அரை மணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேனா, ஒரு கல் கோணலாக நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தேன். எடுத்ததும் அதன் பக்கத்துக் கல் உறுத்தியது. எலி வெளியே வரும்போது இந்தக் கற்கள் முகத்தை மறைக்குமே என்று தோன்றியது. அதையும் எடுத்தேன். இப்படி ஒவ்வொன்றாக எடுத்து, துவாரம் பளிச்சென்று தெரிகிற மாதிரி செய்துவிட்டு, திருப்தியாகக் கண்ணை வியூஃபைண்டரில் வைத்தேன். ஒன்றும் வரவில்லை. ஹாரன் கேட்டது. ஓடினேன்.

மூன்றாவது வளைவு இறங்கும்போது டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கப் பர்ஸ் வைத்திருந்த பையில் கைவிட்டேன். சில்லறைக்குப் பதில் கற்கள் வந்தன.

"வண்டிய நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

கண்டக்டர் பதறிப்போனார். "அண்ணி, வாந்தி வருதா? ஜன்னலாண்ட வாங்க."

"கதவு... கதவ எடுத்துகினு வந்துட்டேன்."

அவர் திரும்பி பஸ்ஸின் முன் கதவைப் பார்த்தார், பின் கதவைப் பார்த்தார். "ரெண்டும் கீதே அண்ணி."

வீட்டுக்காரர் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற வண்டியை எலிக்காகத் திருப்ப முடியுமா? எனக்கும் தெரியும். ஒரு நாளைக்கு மூன்று முறை தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிற நான், இன்னொருத்தி வீட்டுக் கதவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அது பெண்ணா ஆணா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அது ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். பதினோரு கல். ஒரு டம்ளரில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அன்றைக்குத் தாழ்ப்பாளைத் தொடவே கூச்சமாக இருந்தது. மலையில் பாம்பு இருக்கும், எறும்பு இருக்கும், பனி கொட்டும். உள்ளே குட்டி இருந்தால்? கண் திறக்காத குட்டியாக இருந்தால்? அரிசி மாவு பிசைந்து பலகாரத்துக்கு உருட்டும்போதெல்லாம் அந்த உருண்டைகள் கல்லாகவே தெரிந்தன.

"அது புதுக் கல்லு பொறுக்கிக்காதாடி?" என்றார் வீட்டுக்காரர். "மலையில கல்லுக்கா பஞ்சம்?"

"இதெல்லாம் அது பாத்துப் பாத்துப் பொறுக்குன கல்லுங்க. நம்ம வூட்டு கதவ யாராவது எடுத்துகினு போயிட்டு, கடையில கதவு விக்குது வாங்கிக்கோன்னா எப்பிடி இருக்கும் உங்களுக்கு?"

"நல்ல காத்து வரும்," என்றார்.

ஆனால் வியாழக்கிழமை காலையில் டம்ளர் காலியாக இருந்தது. சாயங்காலம் வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: "கதவ கொண்டுபோயி குடுத்துட்டேன்." வண்டியைக் கொல்லையோரம் நிறுத்தி, ஜன்னல் வழியாக அக்காவைக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். அக்கா என்ன இது என்று கேட்டதற்கு, "எலிக்கு கதவு. எங்க வூட்டுக்காரம்மா கைமாத்தா வாங்கியாந்தாங்க. பதினொண்ணு கீது, எண்ணிக்கோ," என்றாராம். வண்டியில் இருந்த எல்லாருக்கும் அன்றைக்கு அதுதான் பேச்சு.

மூன்றாவது செவ்வாய் போனபோது பாறையடிக்கு நான் முதலில் போகவில்லை. அக்காவை முன்னால் போகவிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "வா வா, வூட்டுல ஆள் கீது," என்றார்.

கதவு சாத்தியிருந்தது! புதுக் கற்கள். முன்னைவிட நெருக்கமாக, முன்னைவிட உயரமாக. என்னைப் போல ஒருத்தி வந்துபோன வீட்டில் அப்படித்தான் கட்டுவார்கள். எங்கள் பதினோரு கல்லும் ஒரு சாண் தள்ளி, அக்கா வைத்த இடத்திலேயே, ஒன்றுகூட நகராமல் கிடந்தன.

"தொடவேயில்லியே அக்கா?"

"உங்க வூட்டு மசாலா வாசன அடிக்கும். பனி பட்டு போவட்டும்."

சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணி வந்தது. அன்றைக்குக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஆறு மணி வரை ஒன்றும் நடக்கவில்லை. ஹாரன் கேட்டதும் எழுந்தேன். அப்போதுதான் அக்கா அந்த விஷயத்தைச் சொன்னார்.

"நீ வண்டிக்கு ஓடுற பாரு, அதுக்கு அப்பறந்தான் அது வரும். தெனம் அப்பிடித்தான். ஆறு மணி வண்டி போயி சத்தம் அடங்கணும். அடங்குன கொஞ்ச நேரத்துல வந்துரும். அந்த வண்டிதான் அதுக்கு மணி."

நான் பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி இதை யோசித்தேன். கடைசி வண்டி போன பிறகுதான் அது வரும். கடைசி வண்டியில் போகிறவளால் அதைப் பார்க்கவே முடியாது. எத்தனை மார்கழி வந்தாலும் முடியாது.

"அண்ணி, ஏறுறீங்களா, கால மட்டும் அனுப்புறீங்களா?" என்றார் கண்டக்டர்.

நாலாவது செவ்வாய் பொங்கலுக்கு முந்தின வாரம். அதைத் தாண்டினால் கல்யாண சீசன். பையில் ஒரு மாற்றுப் புடவை வைத்தேன். வைத்தேனே தவிர, தங்குவதென்று முடிவு செய்யவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து வீட்டுக்காரரிடம் சொல்லாமல் ஒரு ராத்திரி எங்கேயும் தங்கியதில்லை. அவரிடம் சொல்லிவிட்டே வந்திருக்கலாம். சொன்னால் "ஒண்ணும் ஆவாது, தங்கு" என்பார்தான். ஆனால் அப்புறம் எலி வராமல் போனால் வருஷம் பூரா அதையே சொல்லிச் சிரிப்பார் என்கிற கவலை. அதுவும் ஒரு கவலைதானே.

ஐந்தரைக்குப் படுத்தேன். சாமை உமி நிரப்பின துணிப்பை மேல் கேமரா. வீடியோக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன எல்இடி விளக்கை, கண் கூசாமல் இருக்க, என் காவி நிறத் தாவணித் துண்டு ஒன்றால் இரண்டு மடிப்பு மூடி ஓரமாக வைத்தேன். அக்கா என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மணி. மலைக்குமேல் என்ஜின் முனகியது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

நான் எழவில்லை.

மறுபடியும் அடித்தார். இந்த முறை நெட்டை மட்டும். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் எழுந்து புடவையை உதறிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். பேச்சு காதில் விழுந்தது.

"உங்க வூட்டுக்காரம்மா எலியோட இருக்காங்களாம். காலையிலதான் வருவாங்களாம்."

பிறகு கண்டக்டர் குரல்: "அண்ணே, அண்ணி வூட்ட மாத்திகிச்சு போலகீது."

"ஏம்மா, குளுருமே அவளுக்கு? போர்வ கீதா உங்க வூட்டுல? ஜாஸ்தி கீதா? அவ கம்மியா போத்திகினா இருமுவா."

வீட்டுக்காரர் குரல்தான். அதுவரை நான் கேட்டிராத ஒரு குரல். "கீது, கீது, நீ போ," என்று அக்கா சொல்ல, வண்டி கிளம்பியது. ஒவ்வொரு வளைவாக இறங்குகிற சத்தம் சின்னதாகிக்கொண்டே போய், கடைசியில் இல்லாமல் போயிற்று. இன்றைக்கு அவர் தாழ்ப்பாள் போடுவாரா? பால் பாத்திரத்தை மூடுவாரா? சிலிண்டர்?

அப்போது கதவில் ஒரு கல் அசைந்தது.

உள்ளேயிருந்து தள்ளுகிறது. கல் உருண்டது. அடுத்தது. மூக்கு மட்டும் வெளியே வந்து, அந்த மூக்கு மாத்திரம் ரொம்ப நேரம் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு முழுசாக வந்தது. என் உள்ளங்கையில் அடங்கும். மேலே மண் நிறம், வயிறு வெள்ளை, விறைப்பான முடி, குளித்துவிட்டுத் தலை துவட்டாத மாதிரி. வந்ததும் ஓடவில்லை. திரும்பி, தள்ளிவிட்ட கற்களை ஒவ்வொன்றாகக் கவ்வி வாசலில் வைத்தது. முதல் இரண்டையும் நான் படம் எடுக்கவே இல்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் தோளில் விரலால் குத்தினார்.

பிறகு அது ஒரு சாண் தள்ளிப் போயிற்று. பதினோரு கல் கிடந்த இடத்துக்கு. மோந்து பார்த்தது. ஒன்றை விட்டது, இன்னொன்றை விட்டது. நடுவில் வெள்ளைக் கோடு ஓடுகிற கல் ஒன்று உண்டு; ஃபிரிட்ஜ் மேல் இரண்டு நாள் பார்த்ததால் எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கவ்விக்கொண்டு, தலையைத் தூக்கியபடி, என் லென்ஸுக்கு நேராக வந்தது.

அமுக்கினேன். அந்தச் சத்தத்துக்கு அது நின்றது. நானும் நின்றுபோனேன். பிறகு, கல்யாண வீட்டில் கேமராக்காரரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிற மாமியார் போல, அது தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. கல்லை வாசலில் வைத்தது. இரண்டு அடி போயிற்று. திரும்பி வந்து மூக்கால் அந்தக் கல்லைத் தள்ளிப் பார்த்தது. போயிற்று. மறுபடியும் வந்தது, தள்ளிப் பார்த்தது. அறுத்துவிட்ட சாமைத் தாள்களுக்குள் நுழையப் போன இடத்திலிருந்து மறுபடியும் திரும்பியது.

"மூணு," என்றேன் நான், வாய்க்குள்.

அக்கா வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டேன். அவர்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. படுக்கப் போகும்போது ஓர் உருண்டைக் கல்லைக் காலால் உருட்டிக் கதவோரம் வைத்தார். அவர் திரும்பிப் படுத்த பிறகு அந்தக் கல்லை நான் தள்ளிப் பார்த்தேன். எத்தனை முறை என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு போர்வை கொடுத்தார். நன்றாகத் தூங்கினேன்.

காலையில் மலையேறிப் போய்த் திரும்பிய முதல் வண்டி கொல்லையோரம் நின்றது. அவர்தான் ஓட்டி வந்தார்; அந்த டூட்டி அவருடையது இல்லை, வேறொரு டிரைவரிடம் கேட்டு மாற்றி வாங்கியிருந்தார், கண்டக்டரையும் கூட இழுத்து வந்திருந்தார். நான் படியில் கால் வைப்பதற்குள், முன் சீட்டில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்:

"எலி வந்துச்சாம்மா?"

"வந்துச்சுங்க."

"வந்துச்சாம்!" என்று அவர் பின்னால் திரும்பிச் சொன்னார். அது சீட்டு சீட்டாகப் பின்வரை போயிற்று.

வீட்டுக்காரர் கண் சிவந்திருந்தது. நான் என்ஜின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். "தாழ்ப்பா போட்டீங்களா?"

"போட்டேன்."

"இழுத்துப் பாத்தீங்களா?"

ரோட்டைப் பார்த்தபடியே கியரை மாற்றினார். "ரெண்டு தடவ," என்றார். "நீ வேற மலையில கீற. தூக்கமே வரல எனக்கு."

கேமராவைக் கண்டக்டர் வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கிழங்கு மூட்டைக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு பெண் தன் மடியிலிருந்த குழந்தைக்குக் காட்டி, "பாரு, நீ செருப்ப எடுத்து வெக்க மாட்ட, அது எப்பிடி எடுத்து வெக்குது பாரு," என்றார். வாயில் இருப்பது என்ன கல் என்று நான் சொன்னேனோ இல்லையோ, டிரைவர் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"அந்தக் கல்லு நான் கொண்டாந்தது. நம்ம வண்டியில வந்த கல்லு அது."

"லக்கேஜ் டிக்கெட்டு போட்டியாண்ணே?" என்றார் கண்டக்டர். "பதினொரு உருப்படி. செக்கிங்ல மாட்டியிருந்தா?"

அணைப் பக்கம் ஆள் இறக்க வண்டி நின்றபோது கேமரா அவர் கைக்குப் போயிற்று. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும், வெளிச்சம் போதவில்லை. இருந்தாலும் மீசை தெரிகிறது, கண் தெரிகிறது, கல்லில் வெள்ளைக் கோடு தெரிகிறது. அவர் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். ஏறுகிறவர்கள் ஏறி முடித்து, கண்டக்டர் இரண்டு முறை விசில் அடித்தும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லாதான் கீது," என்றார் கடைசியில். "ஆனா இந்தக் காஞ்ச எல பாரு, காத மறைக்குது. அத எடுத்துப் போட்டுட்டு எடுத்திருக்கலாம்ல?"

"வண்டிய எடுங்க," என்றேன்.